ரீஸ்டார்ட் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

அலுவலக லேப்டாப்பின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பும். உங்கள் நிறுவனத்தின் விதிப்படி இந்த சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்று சொல்லும். 'இப்போதே', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். சில நாள் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டு போகலாம். அப்புறம் அந்தப் பொத்தான் மறைந்துவிடும்; குறைந்துகொண்டே வரும் நேரம் மட்டும் திரையில் நிற்கும். நீங்கள் வாடிக்கையாளரோடு அழைப்பில் இருக்கிறீர்களா, சேமிக்காத கோப்புகள் எத்தனை திறந்து கிடக்கின்றன, இரவு முழுக்க ஓட வேண்டிய ஒரு கணக்கீட்டை இப்போதுதான் தொடங்கினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இதைப் பற்றிக் கோபப்படுகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் 'பாதுகாப்புக்காகத்தான்' என்பது. அந்தப் பதிலில் பொய் இல்லை. கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மையிலேயே தேவை, எவ்வளவு அதோடு சேர்த்து நம் தலையில் கட்டப்படுகிறது என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் புரியும்.

தேவையான பகுதியிலிருந்து தொடங்கலாம். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு, அதாவது தானாகவே பரவும் கள்ள நிரல், உலகம் முழுக்க சர்வர்களைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது. அதற்கான பேட்ச் ஜூலையிலேயே வந்துவிட்டது. மருந்து கையில் இருந்தும் பலர் போடவில்லை. போடாததற்கும் காரணம் இருந்தது: பேட்ச்கள் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எதை உடைக்கும் என்றும் தெரியாது. அதனால் 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று மொத்தமாக வெளியிடும் முறைக்கு மாறியது. அதைத்தான் 'பேட்ச் டியூஸ்டே' என்று ஐ.டி. ஆட்கள் சொல்கிறார்கள். அடோபி போன்ற மற்ற நிறுவனங்களும் அதே நாளுக்கு வந்து சேர்ந்தன.

நாள் நிச்சயமானது ஐ.டி. துறைக்குப் பெரிய நிம்மதி. ஆனால் தாக்குகிறவர்களுக்கும் அதே நாட்காட்டி கிடைத்தது. பேட்ச் வெளியானதும் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வரி மாறியிருக்கிறது, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அதுவரை சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த ஓட்டை அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. பேட்ச் போடாத சிஸ்டம், பேட்ச் வெளியான மறுநாள், வெளியாவதற்கு முன்பு இருந்ததைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. 'ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இதனால்தான் எடுபடுவதில்லை.

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற கள்ள நிரல் பரவியபோது இது கண்ணெதிரே தெரிந்தது. பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் மட்டும் சுமார் 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் கடன் வரலாறுகளைத் திரட்டும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் களவுபோனதும் மார்ச்சில் வெளியான ஒரு பேட்சைப் போடாமல் விட்டதால்தான். இவற்றைப் படித்த எந்த ஐ.டி. மேலாளரும் 'பிறகு' பொத்தானை நிரந்தரமாக விட்டுவைக்க மாட்டார்.

அவருக்கு வெளியிலிருந்தும் நெருக்கடி உண்டு. பிரிட்டன் அரசின் சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழ் வேண்டுமென்றால் தீவிரமான ஓட்டைகளை 14 நாளுக்குள் அடைத்தாக வேண்டும். அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கு 2021 நவம்பரில் வந்த உத்தரவு, ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டுவரும் புதிய ஓட்டைகளுக்குப் பொதுவாக இரண்டு வாரம் கொடுத்தது. கார்டு பணப்பரிவர்த்தனையைக் கையாளும் நிறுவனங்களுக்கு ஒரு மாதக் கெடு. சைபர் காப்பீடு எடுக்கப் போனாலும், தணிக்கைக்கு ஆள் வந்தாலும், பேட்ச் எந்த வேகத்தில் போடப்படுகிறது என்ற கேள்வி வரும். ஆக உங்கள் திரையில் வரும் அந்தக் கெடு உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு.

சரி, இவ்வளவும் நியாயம் என்றால் பிரச்சினை எங்கே?

என் பார்வையில் முதல் பிரச்சினை, எது அளக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஐ.டி. துறையின் திரையில் ஒரு சதவீதம் தெரியும்: மொத்த சிஸ்டங்களில் எத்தனையில் இந்த மாத பேட்ச் போட்டாயிற்று என்று. அந்த எண்ணை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு எண் கிடையாது. பகல் பதினொரு மணிக்கு ஒரு லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, நீலத் திரையில் '30 சதவீதம் முடிந்தது' என்று நின்றுகொண்டிருக்கையில் போகும் நேரம் எந்த அறிக்கையிலும் ஏறாது. திரும்பி வந்ததும் வி.பி.என். இணைத்து, கடவுச்சொல் போட்டு, எந்த ஷீட்டில் எந்த வரிசையில் இருந்தோம் என்று தேடி, மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கைத் திரும்பப் பிடிக்கும் நேரம் அதிலும் ஏறாது. கெடு வைப்பவருக்கு அந்த இழப்பு தெரிய வழியே இல்லை. இழப்பவருக்கோ கெடு வைப்பதில் குரல் இல்லை. செலவு ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது என்றால் முடிவு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். இதற்கு ஐ.டி. ஆட்களின் அக்கறையின்மை காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குக் காட்டப்படும் எண் அப்படி இருக்கிறது.

ரீஸ்டார்ட் ஏன் தேவைப்படுகிறது என்பதையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். விண்டோஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகள் பெரும்பாலும் பூட்டிய நிலையில் இருக்கும்; மேலெழுத முடியாது. அதனால் அப்டேட் புதிய கோப்பைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, 'அடுத்த முறை தொடங்கும்போது இதை அதனிடத்தில் வை' என்று ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறது. இயங்குதளத்தின் அடித்தளக் கோப்புகள் எப்போதும் பயன்பாட்டில் இருப்பவை என்பதால், முழுக்க நிறுத்தித் தொடங்கினால்தான் அந்தப் பட்டியல் நிறைவேறும். லினக்ஸில் கோப்பை ஓட்டத்திலேயே மாற்றிவைக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மாறினால் அங்கேயும் ரீஸ்டார்ட் வேண்டும். ஓடும் கர்னலையே நிறுத்தாமல் திருத்தும் வசதி லினக்ஸின் 4.0 பதிப்பில், 2015இல் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு 2016இல் வேறொரு வழி எடுத்தது: போனில் இரண்டு பகுதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் நீங்கள் வேலை செய்யும்போதே மற்றதில் புதிய பதிப்பை நிறுவுவது. கடைசியில் ஒரு சாதாரண ரீஸ்டார்ட் போதும். அரை மணி நேரம் சதவீதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பொறியியலில் வழிகள் இல்லாமல் போகவில்லை.

இரண்டாவது பிரச்சினை இதைவிடப் பெரியது. ஓட்டையை அடைக்கும் திருத்தமும், விற்பவருக்குப் பிடித்த மாற்றங்களும் ஒரே மூட்டையாக வருகின்றன.

விண்டோஸ் 7 காலத்தில், 2016 அக்டோபர் வரை, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். இது வேண்டும், அது நம் பழைய பிரிண்டர் மென்பொருளைக் கெடுக்கிறது, அதனால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அதன்பிறகு மாதாந்தரத் தொகுப்பாக மாற்றினார்கள். விண்டோஸ் 10 தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். இதற்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லப்பட்டது: ஆளாளுக்கு வேறு வேறு திருத்தங்களைப் போட்டிருந்தால், அத்தனை சேர்க்கைகளையும் சோதித்துப் பார்ப்பது சாத்தியமில்லை. உண்மைதான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் திறக்கப்பட்ட அதே வாசல் வழியாக, டாஸ்க்பாரில் கேட்காத பொத்தான்கள், மாற்றப்பட்ட மெனுக்கள், புதிய பரிந்துரைகள் எல்லாம் உள்ளே வரத் தொடங்கின. அவற்றை மறுத்தால் பாதுகாப்பையும் மறுத்ததாகிவிடும்.

நம்பிக்கை உடைந்தது இங்கேதான். 2016இல் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் பெட்டி தொடர்ந்து வந்தது. ஒரு கட்டத்தில், அந்தப் பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்த மேம்படுத்தல் நிற்காமல் நடந்தது. மூடுவது என்றால் வேண்டாம் என்றுதான் அத்தனை ஆண்டுகளாக எல்லோரும் பழகியிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் பயண முகவர் தொழில் நடத்திய ஒருவர், தன் அனுமதியின்றி நடந்த மாற்றத்தால் தொழில் கெட்டதாக வழக்குத் தொடுத்து 10,000 டாலர் பெற்றார். அது எல்லை மீறிய செயல் என்று மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவரே அந்த ஆண்டு இறுதியில் ஒப்புக்கொண்டார். 2018 அக்டோபரில் வெளியான பெரிய அப்டேட், சிலரின் ஆவணக் கோப்புகளை அழித்தே விட்டது. முன்னோட்டப் பயனர்கள் சிலர் அதைப் பற்றி ஏற்கெனவே புகார் எழுதியிருந்தார்கள், அது கவனிக்கப்படவில்லை. வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில்தான் திரும்ப விட்டார்கள்.

இப்படி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர் 'பிறகு' என்று அழுத்துவதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அவர் அனுபவத்திலிருந்து கற்றதைச் செய்கிறார். பாதுகாப்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள்தான் இதற்கு முதலில் கோபப்பட வேண்டும். ஏனென்றால் விளம்பரத்தையும் மெனு மாற்றத்தையும் பேட்ச்சோடு கட்டி அனுப்பும் ஒவ்வொரு முறையும், மக்கள் பேட்ச்சையே தள்ளிப்போடப் பழகுகிறார்கள்.

இணையத்தில் இயங்கும் மென்பொருள்களில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே. அங்கே 'பிறகு' என்ற பொத்தானே கிடையாது. திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தால் மெனு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இளம் பணியாளருக்கு இது ஒரு மணி நேர எரிச்சலாகப் போய்விடலாம். பார்வையற்ற ஒரு பணியாளரை நினைத்துப் பாருங்கள். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து, எத்தனை முறை டேப் விசையை அழுத்தினால் எந்தப் பெட்டி வரும், எந்தத் தலைப்புக்குக் கீழே எந்தப் பொத்தான் இருக்கும் என்று மனப்பாடமாக வைத்திருப்பார். வடிவமைப்பு மாறினால் அந்த வரைபடம் முழுக்கப் பொய்யாகிவிடும். புதிய பொத்தானுக்குப் பெயர்ச்சீட்டு வைக்க மறந்திருந்தால், அது அவருக்கு வெறும் 'பொத்தான்' என்று மட்டும் வாசித்துக் காட்டும். 'சேமி'யா, 'அழி'யா என்று தெரியாது. முந்தின நாள் வரை யார் துணையும் இல்லாமல் செய்த வேலைக்கு இன்று பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். கட்டாய அப்டேட்டின் மிகக் கடுமையான விலையை இப்படிப்பட்டவர்கள்தான் கொடுக்கிறார்கள், இவர்களைப் பற்றி மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

ஆய்வகக் கருவிகளோடு இணைந்த கணினிகளும், நாள்கணக்கில் ஓடும் கணக்கீடுகளும் வேறு ரகம். மூன்றாம் நாள் அதிகாலையில் சிஸ்டம் தானே ரீஸ்டார்ட் ஆனால், முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. கருவிக்கான மென்பொருள் ஒரு குறிப்பிட்ட பதிப்பில்தான் ஓடும் என்றால் இன்னும் மோசம். இவற்றுக்கென்றே அம்சங்கள் மாறாமல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் நீண்டகாலப் பதிப்பு விண்டோஸில் இருக்கிறது. சாதாரண அலுவலகங்களுக்கு அதை வாங்க வேண்டாம் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். பல பணியாளர்கள் மனதார விரும்புவது அப்படி ஒன்றைத்தான்.

கட்டாயமே ஆபத்தாகவும் மாறும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு, உலக நேரப்படி காலை 4:09க்கு ஒரு சிறிய உள்ளடக்கக் கோப்பு போனது. நிரலின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டது 20. இல்லாத ஒன்றைப் படிக்கப் போய் விண்டோஸே விழுந்தது. 5:27க்குத் திருத்திவிட்டார்கள். ஆனால் அந்த 78 நிமிடத்துக்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் செயலிழந்து, பிழையைக் காட்டும் நீலத் திரைக்குப் போயிருந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்பின. கவனமாக இருந்த பல நிறுவனங்கள், புதிய பதிப்பு வேண்டாம், ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று அமைத்து வைத்திருந்தார்கள். அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புக்கு மட்டும்தான் செல்லுபடியானது. உள்ளடக்கக் கோப்புகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், கேட்காமல் போயின.

சரிசெய்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். விழுந்த கணினி நெட்வொர்க்கில் ஏறாது, தூரத்திலிருந்து தொட முடியாது. பெரும்பாலானவற்றில் ஒவ்வொன்றாகப் போய், அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஐ.டி. ஆள் போனில் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் வாசிக்க, ஒரு இலக்கம் பிசகினால் அந்தத் தொகுதியைத் திரும்ப வாசிக்க, இப்படியே அன்று முழுக்கவும் அடுத்த நாள்களிலும் நடந்தது. கட்டாய அப்டேட்டுக்கு ஐ.டி. துறையும் பலியாள்தான் என்பது அன்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளடக்கக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பவும், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கவும் வசதி செய்தார்கள். அந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

அப்டேட் வரும் வழியே தாக்குதலுக்கான வழியாகவும் ஆகியிருக்கிறது. 2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவத் தொடங்கியது உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் மூலம். நெட்வொர்க் நிர்வாக மென்பொருள் விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தில் 2020இல் வெளிப்பட்ட விவகாரத்தில், கள்ள நிரல் கலந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்தது. இதை வைத்து அப்டேட்டே போடக் கூடாது என்று வாதிடுவது தவறு. போடாமல் விட்டதால் வந்த சேதங்கள் மேலே சொன்னவை. ஆனால் எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே நேரத்தில் தள்ளிவிடுவது மட்டுமே பாதுகாப்பு என்ற வாதமும் இதில் அடிபட்டுப் போகிறது.

மாற்றக்கூடியவை நிறைய இருக்கின்றன, பல ஐ.டி. துறையின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட்டுக்கு நிறுவனம் வைக்கும் கெடுவை 0 முதல் 30 நாள் வரை அமைக்கலாம். அதோடு 'கிரேஸ் பீரியட்' என்று ஏழு நாள் வரை தனியாகக் கொடுக்கலாம். இது எதற்கென்றால், ஒருவர் இரண்டு வார விடுப்பில் இருக்கும்போது கெடு முடிந்துவிடும். திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்த உடனே அது ரீஸ்டார்ட் ஆகக் கூடாது என்பதற்காக. அதைப் பூஜ்யமாக விட்டுவிடும் இடங்களில்தான் விடுப்பு முடிந்து வந்த முதல் காலை அழைப்பில் திரை அணைகிறது. வேலை நேரமாக ஒரு நாளில் 18 மணி நேரம் வரை குறித்து வைக்கவும் முடியும். முதலில் ஒரு சிறு குழுவுக்கு, பிறகு பெரிய குழுவுக்கு, கடைசியில் எல்லோருக்கும் என்று வளையம் வளையமாக அனுப்புவது பழைய நல்ல பழக்கம். ஆனால் முதல் வளையத்தில் ஐ.டி. துறையினர் மட்டும் இருந்தால் அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் மட்டும்தான் சோதிக்கப்படும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ஒருவர், பழைய மேக்ரோக்களை நம்பி வாழும் ஒருவர் அதில் இருக்க வேண்டும், அவர்களுடைய சம்மதத்தோடு.

விற்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. ரீஸ்டார்ட் இல்லாத திருத்தம் விண்டோஸிலும் வந்துவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து விண்டோஸ் 11 எண்டர்பிரைஸின் 24எச்2 முதலான பதிப்புகளில் 'ஹாட்பேட்ச்' கிடைக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் மட்டும் ரீஸ்டார்ட்; மற்ற மாதங்களில் பாதுகாப்புத் திருத்தம் ஓட்டத்திலேயே சேர்ந்துவிடும். ஆண்டுக்கு 12 இருந்தது நான்காகிறது. ஆனால் அதற்குத் தகுதியுள்ள வணிகச் சந்தாவும், சிஸ்டங்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் சேவையும் வேண்டும். ஐந்து பேர் வேலை செய்யும் சிறு அலுவலகத்துக்கு அது எளிதில் எட்டாது. பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கட்டாயம் என்று சொல்லும் நிறுவனம், அந்தக் கட்டாயத்தின் வலியைக் குறைக்கும் வசதியை விலை உயர்ந்த சந்தாவுக்குள் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்புத் திருத்தம் தனி, அம்ச மாற்றம் தனி என்று பிரித்து அனுப்புவதும் அதுபோலத்தான். நிறுவனங்களுக்கு அம்ச மாற்றங்களைத் தள்ளிப்போடும் சேனல்கள் ஓரளவு உண்டு. சிறியவர்களுக்கு அதுவும் அரைகுறைதான்.

பணியாளர் தரப்பில் செய்ய முடிந்த ஒன்று உண்டு. வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆனால் பக்கத்து இருக்கையில் புலம்புவதோடு விடாமல் ஐ.டி. துறையின் புகார்ப் பதிவான டிக்கெட்டாகப் பதிவு செய்யுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது, எது திறந்திருந்தது, எது போனது, வேலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆனது என்ற நான்கு விவரம் போதும். யாரையும் குறைசொல்லும் தொனி வேண்டாம். பேட்ச் சதவீதத்துக்கு எதிரே வைக்க ஐ.டி. மேலாளரிடம் இப்போது எந்த எண்ணும் இல்லை. கெடுவை ஏழு நாளாக வைப்பதா, கிரேஸ் பீரியடை இரண்டு நாளாவது கொடுப்பதா என்று மேலிடத்தில் பேசும்போது அவர் எடுத்துக் காட்டக்கூடிய கணக்கு அந்த டிக்கெட்டுகளிலிருந்துதான் வர வேண்டும்.